வெறும் பரலுக்குப் பின்னால் ஓடினவன்

சாமான் விற்க வருகிறவனுக்கு ஊர் கதிரை போடும். விற்ற பிறகு வந்து "கவனம்" என்று சொல்லுகிறவனுக்குக் கதவைச் சாத்தும். நான் இரண்டாவது ஆள். சிலாபத்தில் இருந்து கற்பிட்டி வரைக்கும் ஐஸ் தொழிற்சாலை, இறால் பண்ணை, உப்பளம் என்று எல்லாவற்றுக்கும் மெஷின் எண்ணெய், கிரீஸ், கெமிக்கல் கொடுக்கிற கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. பதவியின் பெயர் பெரிசு: பாதுகாப்பு, சுற்றாடல் அலுவலர். செய்கிற வேலை என்னவென்றால், சாமான் தீர்ந்த வெறும் பரலை, அதுதான் பிளாஸ்டிக் பீப்பாயை, திருப்பிக் கேட்பது.

நஞ்சு வந்த பரல் ஊருக்குள் போகக் கூடாது என்பது எங்களுக்குச் சாமான் அனுப்புகிற வெளிநாட்டுக்காரர் போட்ட நிபந்தனை. நியாயம்தான். ஆனால் இந்தக் கரையில் பல இடத்தில் கிணற்றுத் தண்ணி உவர். நல்ல தண்ணி பவுசர் லொறியில் வரும். அதைப் பிடித்து வைக்க, மூடி போட்ட நீலப் பரலைவிடத் திறமான ஏனம் கிடையாது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றினபோது மன்னாரில் இருந்து வந்து, அகதி முகாமில் தண்ணி வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். பரலின் அருமையை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. நல்லது சொல்லப் போய் ஏச்சு வாங்குகிற நேர்ஸ்மாரே, வாத்திமாரே, பிள்ளை வளர்க்கிற தாய்மாரே, என்ட கவலை உங்களுக்காவது விளங்கும்.

மண்டையோடு

பரலில் மூன்று மொழியிலும் எழுதினோம். ஒருவரும் வாசிக்கவில்லை. சரி, எழுத்துத்தானே பிரச்சினை என்று பெரிய மண்டையோடு ஒன்றை அச்சடித்து எல்லாப் பரலிலும் ஒட்டினோம். அந்த ஸ்டிக்கருக்கு நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் எங்கட பக்கத்துக் குடியிருப்பில் ஜெசீமா ராத்தா வீட்டுக்கு ஒரு விசயமாகப் போனேன். பிளேன்டீ தந்தா. குடித்து முடித்துக் கோப்பையை வைக்கும்போதுதான் குசினி மூலையில் எங்கட பரலைக் கண்டேன். கோஸ்டிக் சோடா வந்தது. குடித்த டீயும் அந்தத் தண்ணிதான். ராத்தா, இதில மண்டையோடு ஒட்டியிருந்திருக்குமே, காணலையா என்று கேட்டேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்டதாலதானே தம்பி, அதச் சுரண்டிப்போட்டுத் தண்ணி ஊத்தினது, நாங்க என்ன விளங்காத ஆக்களா?"

ஓட்டை

அடுத்த யோசனை என்னுடையது. காலியான பரலைப் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் வைத்தே அடியில் துளைத்துவிடுவது. சிலாபத்து ஐஸ் தொழிற்சாலையில் நானே டிரில்லைப் பிடித்துத் துளைத்தேன். ஸ்டோர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்டை அறுக்கும்போதுகூட அந்த மனிசன் அப்படித் திரும்பியிருக்க மாட்டார்.

இது பைபர் போட் ஓடுகிற கரை என்பதை நான் மறந்துபோனேன். அடுத்த முறை போகும்போது மீன்காரர் குடிசை போட்ட வாடிக்கு வாடி என்ட பரல்கள் நிற்கின்றன, தண்ணியோடு. ஓட்டைக்கு மேலே ரெசின் பூசி, பைபர் பாய் ஒட்டி, உரசி, பெயின்டும் அடித்து, தடவினால்கூட இடம் தெரியாது. போட் திருத்துகிறவரைத் தேடிப் பிடித்தேன். அண்ணே, ஒழுகுறது பிரச்சினை இல்லை, உள்ளே ஊறின நஞ்சுதான் பிரச்சினை என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் நான் பாராட்ட வந்ததாக நினைத்துவிட்டார் போல. பரலைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "கடல்ல ஓடுற போட்டையே ஒழுகாமப் பண்றம், உங்கட ஒரு பரல் எங்களுக்குப் பெரிய வேலையா தம்பி?"

தண்ணி டிப்பார்ட்மென்ட்

கடைசியில் மெனேஜரிடம் போனேன். நஞ்சுப் பரல் ஒன்றைத் தருகிறவருக்குச் சுத்தமான பரல் ஒன்றைக் கொடுப்போம் சேர், அப்படியென்றால் ஒருவரும் ஒளிக்க மாட்டார்கள் என்றேன். மனிசன் கெட்டவர் இல்லை. ஏசியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டார். பிறகு எனக்காகக் கவலைப்பட்டே சொன்னார்: "நாம விக்கிறது எண்ணெயும் கெமிக்கலும், தண்ணிக்கு அரசாங்கத்தில வேற டிப்பார்ட்மென்ட் இருக்கு."

அன்னம்மாளுக்கு நேர்த்தி

எத்தாளைப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணை. மேற்பார்வை செபமாலை அண்ணன், தங்கமான வேதக்காரர். குளத்துக் கிருமிக்கு அங்கே போர்மலின் பாவிப்பார்கள். பிரேதம் பழுதாகாமல் ஏற்றுகிற மருந்தும் அதுதான். தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழா நேரம் வெறும் பரல் எண்ணப் போனேன், ஒன்று குறைகிறது. காவலாளி சந்தோசமாகச் சொன்னான். செபமாலை அண்ணனின் மகளுக்குக் கலியாணம் முடித்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு பிள்ளை தங்கியிருக்கிறதாம். அன்னம்மாளுக்கு நேர்ந்தபடி யாத்திரைச் சனத்துக்குத் தண்ணிப் பந்தல் போட்டிருக்கிறாராம். பரல் அங்கேதான் போனதாம்.

தலவிலவுக்கு எப்படி மோட்டார் சைக்கிள் ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பந்தலடியில் சனம் கோப்பையோடு நிற்கிறது. தண்ணிக்குள் ஐஸ், தேசிக்காய், சீனி. முதல் கோப்பை மகளுக்கு, பிறகுதான் சனத்துக்கு என்பது நேர்த்தி. அந்தப் பிள்ளை நிறைந்த வயிற்றோடு கோப்பையைக் கையில் எடுத்துவிட்டாள். குடிக்காதீங்க என்று கத்தினேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. தொப்பி போட்ட ஒரு சோனகன் கோயில் திருவிழாவில் வந்து நின்று, பங்குச் சுவாமி மந்திரித்த தண்ணியைக் குடிக்காதே என்கிறான். இதைவிடச் சின்னக் கதைக்கெல்லாம் எங்கட ஆக்களின் கடை எரிந்த காலம் அது. பயந்தேன், ஏன் பொய் சொல்ல? செபமாலை அண்ணன், சவுக்காரம் போட்டுக் கழுவினேன், மண் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் காய வைத்தேன், ஒரு மணமும் இல்லையே என்று அழாக்குறையாகச் சொன்னார். பிளாஸ்டிக்கில் ஊறினது கழுவப் போகாது என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் கொட்டினேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. கடைசியில் அது எதற்கு ஏற்றுகிற மருந்து என்று சொன்னேன். முன்னுக்கு நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பின்னால் யாரோ, இவன் திருவிழாவைக் குழப்ப வந்தவன் என்றான்.

அந்தப் பிள்ளை மட்டும் என்னையே பார்த்தாள். உங்கட வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்கு இதைக் குடுப்பீங்களா என்று மெல்லக் கேட்டாள். இல்ல தங்கச்சி என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஊத்துங்கப்பா" என்றாள்.

செபமாலை அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, பரலைக் கட்டிப்பிடித்துத் தானே சரித்தார். அவ்வளவு தண்ணியும் மணலுக்குள் போனது. மனிசன் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பேருமாக வாடி வாடியாக ஏறி இறங்கி வாளியும் கிடாரமும் இரவல் வாங்கி, பவுசரைத் திரும்பக் கூப்பிட்டு, பந்தலை நடத்தினோம். எனக்கு மத்தியான லுஹர் தொழுகையும் பிந்திப் போனது.

வெளிக்கிடும்போது அவரே பரலைக் கொண்டுவந்து மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிவிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நின்றேன். கயிற்றை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "பரலப் பாக்கச் சொல்லி அன்னம்மாதான் உங்கள அனுப்பியிருக்கிறா தம்பி, ஆனா தேசிக்காய் புழியிறதுக்கு முந்தி அனுப்பியிருக்கலாம்."

கம்பனி தந்த பதவியை இந்தக் கரையில் ஒருவரும் மதிக்கவில்லை, அன்னம்மாள் தந்த பதவிக்கோ சம்பளம் இல்லை.