தங்கம் வேண்டாத வீராங்கனைகள்

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் லீவில் வந்தபோது, எனக்கு ஒரு செண்ட் பாட்டிலாவது கொண்டுவருவான் என்று நினைத்தேன். கொண்டுவந்தது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே இங்கிலீஷில் ஒரு புத்தகமும் விதவிதமான பகடைகளும் இருந்தன. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று. “அங்க காலேஜ்ல பசங்க எல்லாம் இதத்தான் விளையாடுறாங்க” என்றான். நிலத்தை விற்றுப் படிக்க அனுப்பிய பெரியப்பா காதில் இது விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு மிஷன் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். மதுரை தல்லாகுளத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்து, துணி துவைத்துப் போட்டு, சாம்பார் சாதமும் சாப்பிட்டு முடித்தால் மத்தியானத்தை என்ன செய்வது என்று தெரியாது. அதனால் அந்தப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் கதைக்குள் வாள் பிடித்த வீரர்களாக இருக்கவேண்டும். ‘குகை வருகிறது, என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் அவர்கள் செய்வதைச் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இங்கிலீஷ் எனக்குத்தான் ஓடும் என்பதால் கதை சொல்லும் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். பகடையைப் பார்த்துச் சூதாட்டம் என்று பதறிய வார்டனிடம், கணக்குப் பாடத்துக்கான உருவங்கள் என்று சொல்லிவைத்தேன். அது முழுப் பொய்யும் இல்லை.

வீராங்கனைகள் மூன்று பேர். ஒருத்தி டெலிபோன் ஆபரேட்டர், சோழவந்தான்காரி. ஒருத்தி பி.டி. டீச்சர். மூன்றாமவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட், அலங்காநல்லூர். டைப்பிஸ்ட்தான் என் அறைத்தோழி. முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லாத வீட்டில் இரண்டு தங்கைகளுக்கு அவள் சம்பளத்தில்தான் நகை செய்து கட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகும் மாதா மாதம் சம்பளம் வாங்கிய கையோடு ஊருக்குப் போய் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பஸ் சார்ஜும் சோப்புச் செலவும் வாங்கிக்கொண்டு வருவாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மூவரும் சேர்ந்து, நெருப்புக் கக்கும் ஒரு பெரிய பல்லியைக் கொன்றார்கள். பாத்ரூம் சுவரில் பல்லி இருந்தால் குளிக்கப் போகாத பி.டி. டீச்சர்தான் தலையை வெட்டினாள். புத்தகத்தில் போட்டிருந்தபடி நான் குரலை உயர்த்தி, “குகைக்குள்ளே மலைபோலத் தங்கம் குவிந்து கிடக்கிறது!” என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, நான் ஊருக்குப் போறேன்” என்றாள் ஆபரேட்டர். “தங்கச்சிக்கு ஒரு எடம் வந்துருக்கு. இத வச்சு முடிச்சிரலாம்.”

பி.டி. டீச்சர் அடகில் இருந்த அம்மாவின் வளையலை மீட்கப் போய்விட்டாள். டைப்பிஸ்ட், “எனக்கு வேணாம். எப்பிடியும் அண்ணன்ட்டத்தான் போகும்” என்று பகடையைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அடுத்த குகைக்கு வர ஆள் இல்லை. அமெரிக்காவில் தங்கம் கிடைத்தால் வீரன் இன்னொரு வாள் வாங்குவானாம். எங்கள் வீராங்கனைகள் தங்கத்தைப் பார்த்ததும் குடும்பத் தலைவர்களாகிவிட்டார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரருக்குக் கூடப்பிறந்த தங்கச்சி யாரும் இல்லைபோல.

எனக்குக் கோபம் வந்தது. கஷ்டப்பட்டு ஒரு குகையைத் தயார் செய்துவிட்டு இப்படி நடுவில் விட்டுப்போவதா? தங்கத்தை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம், “ராணி உங்களைக் கூப்பிட்டு, தங்கத்தைத் தவிர எது கேட்டாலும் தருகிறேன் என்கிறாள்” என்றேன்.

ஆபரேட்டர் யோசிக்கவே இல்லை. “டிரங்க் கால் லேட்டானா கத்துறாங்கள்ல ஆபீஸருங்க, அவங்கள நான் திருப்பிக் கத்தணும். அதனால வேலைக்கு ஆபத்து ஒண்ணும் வரக்கூடாது” என்றாள். கொடுத்தேன். ராஜ்யத்தில் உள்ள அத்தனை மந்திரிகளையும் அந்த மத்தியானமே திட்டித் தீர்த்தாள். பி.டி. டீச்சர் விசில் ஊதினால் தலைமையாசிரியை உட்பட அரண்மனையே வரிசையில் நிற்கவேண்டும் என்றாள். அதையும் கொடுத்தேன்.

டைப்பிஸ்ட் இருபது முகப் பகடையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். பிறகு, “உள்பக்கம் தாப்பா போட்ட ரூம்பு ஒண்ணு” என்றாள்.

“இம்புட்டுதானா?” என்று கேட்டாள் ஆபரேட்டர்.

“எங்கூட்டுக் காளைக்குத் தனித் தொழுவம் இருக்கு, கதவோட. நான் போனா அடுப்படியில படுக்கணும்.”

ஜல்லிக்கட்டுக் காளை அது. பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் தின்னும். அவள் சம்பளத்தில்தான். அவள் கேட்ட அறையைக் கொடுத்தேன். வாராவாரம் ஒரு அரக்கனைக் கொன்று அந்த அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், ஒரு மர பீரோ என்று சேர்த்துக்கொண்டே போனாள். தங்கத்துக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்கிற விஷயத்தில் தமிழ்நாட்டிலேயே நான்தான் மேதை என்று எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்பு, அவளைப் பெண்பார்க்க வந்த நாள் வரைக்கும்தான் இருந்தது.

இடம் மதுரையிலேயே அமைந்தது. பையன் ஒரு ஆபீஸில் கிளார்க். முதலிலேயே தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: “தங்கம் ஒரு குண்டுமணிகூட வேண்டாம்.” ஹாஸ்டலே கொண்டாடியது. வார்டன் எல்லோருக்கும் பாயசம் வைத்தார். டைப்பிஸ்ட் புதிதாக ஒரு வாயல் சேலை எடுத்தாள். “ரெண்டு ரூம்பு வீடாம் டீச்சர்” என்று என்னிடம் மூன்று தடவை சொன்னாள். நகை போடாமல் தன்னை ஒருவர் கேட்கிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

துணைக்கு நானும் அலங்காநல்லூர் போனேன். பையனின் அம்மா நல்ல களையான முகம், இனிப்பான பேச்சு. பையன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நகை எதுக்கு ஆத்தா? போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்க முடியுதா? களவாணிப் பயக” என்றார் அந்த அம்மா. அண்ணன் முகம் மலர்ந்தது. “அதுக்குப் பதிலா ஒரு ஸ்கூட்டர் மட்டும் பதிஞ்சு குடுத்துருங்க. பய பஸ்ல போயி எளைச்சுட்டான்.”

நான் பையனைப் பார்த்தேன். இளைப்புக்கான அடையாளம் ஒன்றும் தெரியவில்லை.

“அப்பறம் ஒரு கேஸ் கனெக்சன். பொண்ணு பேருலயே இருக்கட்டும், நமக்கென்ன. சின்னவன் சும்மாதான் இருக்கான். நீ கோர்ட்டுலதான இருக்க தாயி, ஐயாமார்ட்ட ஒரு வார்த்தை சொன்னீன்னா அவனுக்கும் ஒரு வேல போட்டுக் குடுத்துருவாக. ரோட்டு மேல ஒங்களுக்கு ஒரு துண்டு எடம் கெடக்காம்ல? அது இப்பவே வேணாம், ஆடி போகட்டும்.”

எனக்கு மலைப்பாக இருந்தது. நான் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பரிசைக் கண்டுபிடிப்பேன். இந்த அம்மா வெற்றிலையை மடிக்கிற நேரத்தில் நாலைந்து சொல்லிவிட்டார். பகடைகூடத் தேவைப்படவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் உச்சம். “சம்பளக் கவரப் பிரிக்காமக் கொண்டாந்து சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டாப் போதும். நாங்க எடுத்துக்கிருவோம்.”

டைப்பிஸ்ட் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு ரூம்புன்னு சொன்னாகளே, நமக்கு எந்த ரூம்பு அத்தே?” என்று கேட்டாள்.

“ஒண்ணுல சின்னவன் படுப்பான். ஒண்ணுல நானும் மாமாவும். நீங்க சின்னஞ்சிறுசுக, ஹால்ல காத்தாடப் படுத்துக்கிருங்க.”

அவள் பையன் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அவர் கேசரி வாயோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் அவருக்கும் பதில் இல்லை.

“அப்ப எனக்கு வேணாம்” என்றாள்.

வீடே அதிர்ந்தது. பையன் வீட்டார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணன் மனைவி சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள். அண்ணன் குதித்தார். “தங்கமே வேணாம்னு சொன்ன எடம்! இனி எவன்டி வருவான் ஒனக்கு? கொழுப்பு!” என்றார். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் என்னையும் முறைத்தார். ஹாஸ்டலில் கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். அதில் ஓரளவு நியாயம் உண்டு, நான் மறுக்கமாட்டேன். அவள் அழவில்லை. வாயல் சேலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எங்களைப் பஸ் ஏற்றிவிட அண்ணனும் வந்தார். வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவர் பஸ் ஸ்டாண்டு நெருங்க நெருங்கத் தணிந்துவிட்டார். கொஞ்சம் லேசாகவும் ஆகிவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. கடையில் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

“சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. அண்ணன் இருக்கேன்ல, ஒன்னய அப்பிடியா விட்ருவேன்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “ஒண்ணாந்தேதி வந்துருவல்ல?”

அவள் மடியில் இருந்த வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லண்ணே. இனிமே நான் வரல.”

டிரைவர் வண்டியை எடுத்தார். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஏன் வரமாட்டாய் என்று கேட்பார், ஒரு வார்த்தை சமாதானம் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள், முகத்தைத் திருப்பி அவரையே பார்த்தாள்.

“அப்ப பணத்த யார்ட்டக் குடுத்து விடுவ?” என்றார்.

வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அவள் எழுந்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.