தாரை வார்த்த கை

அப்பா நாடக மேடையில் ராஜா. நான் பிறப்பதற்கு முன்பே அந்த ராஜ்ஜியம் போய்விட்டது. எனக்குக் கிடைத்தவர் பிராந்திக் கடைக்குப் போகும் ராஜா. காலையில் கை நடுங்கும், சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிடுவாள். கொஞ்சம் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். பிறகு அதே கையால் கண்ணாடி பார்க்காமலே மீசையைக் கத்தரித்துக்கொள்வார்.

குடிகாரன் மகள் என்று எனக்கு இரண்டு இடம் தட்டிப்போனது. தொண்ணூறுகளின் நடுவில் சத்தியமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அன்று ஒரு நாள் குடிக்காதீர்கள் என்று அப்பாவிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். குடிக்கவில்லை. ஆனால் காபி டம்ளரை நீட்டியதும் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு விரதமுங்க. பச்சத்தண்ணி பல்லுல படாதுங்க."

விரதமாம்! மாப்பிள்ளையின் அம்மா உருகிப்போனார். "இப்படிப்பட்ட ஊட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றார்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படியே இருங்கப்பா" என்றேன்.

"இருந்துபோடறேன் கண்ணு."

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. நான் நம்பவில்லை.

மணமேடையில் தாரை வார்க்கும் நேரம். சொம்பைப் பிடித்த அப்பாவின் கை நடுங்கியது. தண்ணீர் என் புடவையெல்லாம் சிந்தியது. "பாவம், பொண்ணப் பிரியற துக்கம்" என்றார் யாரோ. துக்கமாவது! குடிக்காத கை இப்படித்தான் ஆடும் என்று எனக்கல்லவா தெரியும்? என் கல்யாணத்தில்கூட இந்தக் கைக்குப் பிராந்திதான் கேட்கிறது என்று எரிச்சலாக வந்தது. அவர் முகத்தை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கிளம்பும்போது கார் அருகே வந்து நின்றார். அம்மாவிடம் மட்டும் "போய்ட்டு வாரேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

இரண்டே வருடத்தில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள், அவருடைய வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்: "எங் கல்யாணத்தன்னைக்கு ஒரு நாளாவது குடிக்காம இருந்தாரே."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள்.

"அவரு வேண்டாம்னுதான் கண்ணு சொன்னாரு. சபையில கை நடுங்குனா உன்ற மானம் போயிருமேன்னு, வெடியால எந்திரிச்சதும் நாந்தான் ஊத்திக் குடுத்தேன். சொம்பைக் கையில வாங்கற வரைக்கும் கை ஆடவே இல்ல."

அப்படியென்றால் அது குடித்திருந்த கை. நடுங்க வேண்டிய அவசியமே இல்லாத கை. என்னைக் கொடுக்கும்போதுதான் நடுங்கியிருக்கிறது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.