மச்சாள் பார்த்த படம்

போன வருடம் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். திருகோணமலை டவுனில் உள்ள ஒரு தியேட்டருக்கு நாங்கள் நாலு பேர் மத்தியான ஷோ பார்க்கப் போனோம். நான், என் கணவர், அம்மா, என் தம்பியின் மனைவி. நானும் அவளும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பிள்ளையை ஒருநாளாவது சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு போனோம். நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

என் தம்பி பக்கத்தில் உள்ள சல்லிக் கிராமத்தில் போட் வைத்துக் கடற்தொழில் செய்தவன். அதற்கு முந்திய வருடம் தை மாதம், வாடைக்காற்று நேரத்தில் ஒருநாள் தனியாகக் கடலுக்குப் போனான். வழக்கமாகக் கூடப் போகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். அடுத்த நாள் போட் மட்டும் கவிழ்ந்து மிதந்ததைக் கண்டார்கள். இன்ஜின் இருந்தது, பாதி வலை இருந்தது, தம்பி இல்லை. ஊர் போட்டுகள் எல்லாம் இறங்கித் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஏதாவது கப்பல்காரன் ஏற்றியிருப்பான் என்றார் ஒருவர். அந்தமான் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். சாத்திரம் கேட்ட இடத்தில் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கதைகளை எல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாக மச்சாள் பொட்டும் தாலியுமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் இல்லை.

அம்மாவுக்குத்தான் முதலில் பொறுக்க முடியாமல் போனது. கனவில் அவன் நனைந்த உடுப்போடு வந்து சோறு கேட்கிறானாம். உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குக் கிரியை செய்து எரிக்கலாம் என்று ஐயர் சொன்னார். மச்சாள் மாதக்கணக்காக மறுத்தாள். பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே, "ஓம் மாமி, செய்வம்" என்றாள். வந்த அமாவாசைக்கு நாள் வைத்தோம்.

கிரியை முடிந்தால் தாலி கழற்ற வேண்டும், பொட்டில்லை, பூவில்லை, ஒரு வருடத்துக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் வெளிக்கிட முடியாது. "அதுக்கு முதல் ஒருநாள் அந்தப் பிள்ளையை எங்கையாவது கூட்டிக்கொண்டு போவமே" என்றார் என் கணவர். நல்ல மனத்தோடுதான் சொன்னார். வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போட்ட மாதிரிப் போயிற்று. ஊர் வாய்க்குப் பயந்து அம்மாவும் துணைக்கு வந்தா. மாமியாரே கூட வந்தால் யார் என்ன சொல்வது?

போஸ்டரில் கதாநாயகி கதாநாயகனை விளக்குமாற்றால் அடித்துக்கொண்டிருந்தாள். காதல், சிரிப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தோம். என்ன கதை என்று நாலு பேரில் ஒருவர் கூட விசாரிக்கவில்லை.

முதல் பாதி நல்லாகவே போனது. கதாநாயகன் காதலியின் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்து மாட்டிக்கொண்ட இடத்தில் மச்சாள் சிரித்தாள். நான் என் கணவரின் கையில் தட்டிக் காட்டினேன். எங்களுக்கு அவ்வளவு பெருமை. இடைவேளையில் அவள் ரோல்ஸ் கூடச் சாப்பிட்டாள்.

இரண்டாம் பாதியில்தான் வில்லங்கம் வந்தது. கதாநாயகிக்கு முன்பு நிச்சயமான ஒருவன் இருந்தானாம். கப்பலில் வேலை. கப்பல் கடலில் மூழ்கி, ஆள் இறந்துவிட்டான் என்று அவன் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டார்களாம். அம்மா என் தொடையைப் பிடித்து நுள்ளினா. எழும்பலாமா என்று இவரைப் பார்த்தேன். எழும்பினால் இன்னும் மோசம் என்று இருந்துவிட்டோம். கடைசியில் கல்யாண மண்டபம். தாலி கட்டப் போகிற நேரம் செத்துப்போனவன் தாடியோடு வாசலில் வந்து நிற்கிறான். பேய் பேய் என்று சனம் சிதறி ஓடுகிறது. ஐயர் மணவறையில் இருந்து பாய்ந்து சாம்பார் அண்டாவுக்குள் விழுகிறார்.

தியேட்டரே அதிர்ந்தது. முன்வரிசைப் பெடியள் விசில் அடித்துக் கதிரையில் ஏறி நின்றார்கள். பக்கத்தில் இருந்த பெண் கண்ணீர் வரச் சிரித்தா. என் கணவரும் சிரித்துவிட்டுப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா திரையைப் பார்க்காமல் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தா. மச்சாள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு துறைமுகப் பக்கம். நடந்தே திரும்பினோம். "பாட்டுகள் பரவாயில்லை என்ன?" என்று இவர் கதையை மாற்றப் பார்த்தார்.

"இந்தப் படத்தை எடுத்தவன் நாசமாப் போவான்" என்றா அம்மா.

"படம் எண்டா படம்தானே மாமி" என்றார் இவர்.

"உமக்குப் படம். எனக்குப் பிள்ளை."

 

நான் வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். அந்தக் கிழமை வந்த பெண்கள் எல்லாருக்கும் இந்தப் படத்தின் கதைதான். வயிறு நோகச் சிரித்தேன் என்றாள் ஒருத்தி. இரண்டாம் பாதி இழுவை என்றாள் இன்னொருத்தி. திரும்பி வந்தவனை அல்லவா அவள் கட்டியிருக்க வேண்டும், இது என்ன அநியாயம் என்று ஒரு அக்கா என்னோடு சண்டைக்கே வந்தா. நான் ஊசியில் நூல் கோர்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

அமாவாசை வரை மச்சாள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மத்தியானமானால் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுவாள். நல்லதுதானே என்று விட்டுவிட்டோம். அப்போதுதான் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தி, "உங்கட மச்சாளை நேற்றும் தியேட்டரில கண்டன். முந்தநாளும் நிண்டவவாம்" என்றாள். புருசன் கடலில், பெண்சாதி தியேட்டரில் என்று அவள் வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னாள். அளவு நாடாவை அவள் கழுத்தில் இறுக்கலாம் போல் இருந்தது.

கோபத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது. படத்தில் வந்த மாதிரித் தன் புருசனும் வருவான் என்று இவள் நம்பத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கிரியை வேண்டாம் என்று சொல்லப்போகிறாள். அம்மா அதைத் தாங்கமாட்டா. அடுத்த நாள் மத்தியானம் தையலைப் போட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனேன்.

உள்ளே சனம் குறைவு. ஓரத்துக் கதிரையில் தனியாக இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் திடுக்கிடக்கூட இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருங்கோ மச்சாள். கலியாணவீடு இப்ப வரும். நீங்கள் ஐயரைப் பாக்க வேண்டாம், அவளைப் பாருங்கோ."

பார்த்தேன். செத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். ஐயர் பாய்கிறார், சனம் சிரிக்கிறது. கதாநாயகி மணவறை ஓரத்தில் நிற்கிறாள். அவனைக் கண்டதும் ஒரு அடி பின்னால் வைக்கிறாள். முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம். அதற்குப் பிறகுதான் அழுதுகொண்டு ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். முதல் தடவை நான் அதைக் காணவே இல்லை. ஐயர் அண்டாவுக்குள் விழும்போது ஒரு மூலையில் நடக்கிற விஷயத்தை யார் கவனிக்கிறார்கள்?

"கண்டனீங்களா?" என்றாள். "ஒரு அடி பின்னுக்கு வைக்கிறாள். அதை ஒருத்தரும் பாக்கேல்லை. நான் பிழையாப் பாத்திட்டனோ எண்டுதான் திரும்பத் திரும்ப வந்தனான்."

"அதுக்கு இப்ப என்ன?"

"அவர் வந்தா நானும் அப்பிடித்தான் வைப்பன் மச்சாள்."

அவளை அடிக்க எனக்குக் கை பரபரத்தது. என் தம்பி. நான் தூக்கி வளர்த்த தம்பி. "அப்ப அவன் வந்தா உனக்கு வேண்டாமோ?" என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போல, முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வரட்டும். வந்தா காலில விழுந்து கும்பிடுவன்." அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "முந்தி விடியப்புறம் போட் சத்தம் கேட்டா ஓடிப் போய்க் கரையில நிப்பன். இப்ப நித்திரை கொள்ளுறன். எப்ப இருந்து எண்டு எனக்கே தெரியேல்லை. ஒருநாள் முழிச்சுப் பாத்தா வெயில் ஏறிட்டுது. நான் அவரைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை எண்டு அப்பதான் விளங்கினது. அதுக்குப் பிறகுதான் மாமிக்கு ஓம் எண்டனான். அவரின்ர ஆத்மாவுக்காக இல்லை மச்சாள். எனக்கு ஏலாமப் போச்சுது. கிரியை செய்தாலும் நீங்கள் எல்லாரும் உள்ளுக்குள்ள அவர் வருவார் எண்டுதான் நினைக்கிறியள். நான் ஒருத்திதான் அவர் செத்துப்போனார் எண்டு நினைக்கிறன். நான்தான் அவரைச் சாகடிக்கிற மாதிரி இருக்கு."

திரையில் பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளின் கையைப் பிடித்தேன்.    படம் முடிந்து லைட் போடும் வரை அப்படியே இருந்தோம். எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டபோது கோவிலுக்கு என்று நானும் சொன்னேன்.

அமாவாசையன்று சல்லிக் கடற்கரையில் கிரியை நடந்தது. தர்ப்பையில் செய்த உருவம் முழங்கை நீளம் கூட வராது. அதற்கு ஒரு வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தார்கள். ஆறடி ஆளை அதற்குள் எப்படி நினைப்பது? வாய்க்கரிசி போட ஐயர் மச்சாளைக் கூப்பிட்டார். அவள் அரிசியைக் கையில் அள்ளினாள். குனிந்தாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். விரல்களுக்கிடையால் அரிசி மணலில் சிந்தியது. ஐயர் இரண்டாம் தரமும் கூப்பிட்டார்.

"பாவம், ஆசை விடேல்லை" என்று பின்னால் நின்ற பெண்கள் குசுகுசுத்தார்கள். என்ன விடவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் பிடியைத் தான் போட்டால் கொன்றது தான்தான் என்று நினைத்து அந்தப் பிள்ளை நிற்கிறாள்.

நான் அவளைத் தாண்டிப் போய்ப் ஓலைப் பெட்டியில் இருந்த அரிசியை அள்ளி அந்தப் புல் உருவத்தின் தலைமாட்டில் போட்டேன். "என்ர தம்பி செத்துப்போனான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. காணவில்லை என்போம், கடலுக்குப் போனவன் என்போம். சொல்லிவிட்டு மணலில் இருந்துவிட்டேன். அம்மா குழறி அழுதது இப்போதும் காதில் இருக்கிறது. பிறகு அம்மாவும் வந்து போட்டா. "ஓமடா ராசா, போயிட்டு வா" என்று சொல்லிச் சொல்லிப் போட்டா. மூன்றாவதாகத்தான் மச்சாள் போட்டாள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தரமாக.

இப்போது அவள் தன் தாயோடு சாம்பல்தீவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். நாங்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. போன மாதம் டீவியில் அதைப் போட்டார்கள், பக்கத்து வீட்டில் இருந்து சிரிப்புச் சத்தம் எங்கள் குசினி வரை கேட்டது. அவர்களில் எனக்குக் கோபம் இல்லை, சிரிக்கத்தான் படம் எடுத்தார்கள். அன்றைக்குத் தியேட்டரில் மச்சாளைக் கை நீட்டி அடிக்காமல் விட்டேனே என்று மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இன்றைக்கு என் தம்பி எங்கள் வாசலில் வந்து நின்றால் நானும் ஒரு அடி பின்னால்தான் வைப்பேன். அதற்காக அவனில் எனக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.