தம்பி உள்ளே வராத வீடு

2003-ம் வருஷம். காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, எங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கான பிளானை நானே கிராஃப் தாளில் வரைந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் கட்டப்பனை போயிருந்தபோது, மலைச்சரிவில் ஒரு புது வீட்டைப் பார்த்தேன். ஒரே கூரைதான், தரை மட்டும் தட்டுத் தட்டாக ஏறிப் போகும். பார்த்ததுமே மனசில் ஒட்டிக்கொண்டது. எங்கள் இடமும் சரிவுதானே! நுழைந்ததும் பள்ளத்தில் பெரிய ஹால், மூன்று படி ஏறினால் அடுப்படியும் சாப்பாட்டு அறையும், இன்னும் இரண்டு படி ஏறினால் படுக்கை அறைகள் என்று வரைந்தேன். வாஸ்து பார்த்தேன், ஆடிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்தேன். எல்லாம் பார்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வீட்டில் நான், மனைவி, இரண்டு மகள்கள், என் தம்பி. சின்ன வயதில் போலியோ வந்து அவனுக்கு வலது கால் சூம்பிவிட்டது. காலில் இரும்புக் காலிபர் மாட்டி, கம்பு ஊன்றி நடப்பான். உத்தமபாளையத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே போய் வருவான். யாராவது கைகொடுக்க வந்தால் முகம் சுருங்கிவிடும். புது வீட்டில் மலை தெரிகிற பின்பக்க அறையை அவனுக்கு ஒதுக்கியிருந்தேன். இருப்பதிலேயே நல்ல அறை அதுதான்.

சுவர் எழும்பி, கதவு சன்னலுக்கெல்லாம் லிண்டல் போட்டாயிற்று. கூரை மட்டும் பாக்கி. ஒரு சனிக்கிழமை, சித்தாளாக வேலை பார்த்த ஓர் அம்மா கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சார், உங்க தம்பி வாராவாரம் வாராக. ஒரு நாளும் உள்ள வரலையே. மணல் மேட்டுலயே உக்காந்து பாத்துட்டுப் போயிர்றாக.”

“தூசி ஆகாது அவனுக்கு” என்றேன்.

“இதுல அவுகளுக்கு எந்த ரூமு?”

பெருமையாகக் காட்டினேன். அந்த அம்மா அறையைப் பார்க்கவில்லை, படிகளைப் பார்த்தார். “சாப்பிட, கடைக்குப் போகன்னு ஒரு நாளைக்கு எத்தன தடவ சார் ஏறி எறங்குவாக?”

கேட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். சுவரெல்லாம் அங்குலக் கணக்கில் வரைந்தவன், கூடப் பிறந்தவனை அந்தத் தாளில் ஒரு தடவைகூட நடக்கவிட்டுப் பார்க்கவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். தம்பி ஒரு டி.வி.யின் முதுகைக் கழற்றிப் போட்டு, ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, படி உனக்குக் கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லலை?”

தலை நிமிரவில்லை. “நீ ஆசையா வரைஞ்சதுண்ணே. எனக்காக வீட்டையே மாத்துனாகன்னு ஊர்ல பேசணுமா?” என்றான். இன்னொரு கம்பியைப் பற்றவைத்துவிட்டு, “கடைக்குப் பின்னால ஒரு ரூமு பாத்து வச்சிருக்கேன். பால் காய்ச்சுன பெறகு சொல்லலாம்னு இருந்தேன்” என்றான்.

அம்மா அப்பா போன பிறகு நாங்கள் பிரிந்து இருந்ததே இல்லை. கெஞ்சினால் அவனுக்குப் பிடிக்காது என்பது தெரியும்.

“தப்பு என் கணக்குலடா, உன் கால்ல இல்ல. வந்து திருத்திக் குடு” என்றேன்.

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். “திருத்துறதுன்னா நான் சொல்றபடிதான் செய்யணும்” என்றான்.

மறுநாள் முதன்முறையாக அவன் மணல் மேட்டைத் தாண்டி வந்தான். விஷயத்தைக் கேட்ட கொத்தனார் தலையைச் சொறிந்தார். “கூரை போடாதது நல்லதாப் போச்சு சார். படுக்கை ரூமு மட்டத்துக்கு ஹாலை ரெண்டரை அடி, அடுப்படிப் பக்கம் ஒரு அடி மண்ணு போட்டு ரொப்பிருவோம். வாசல் நிலையைப் பேத்துத்தான் மேல தூக்கணும்” என்றார். டிராக்டரில் செம்மண் வந்து இறங்கியது. தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். நான் ரசித்துப் போட்ட படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. வலிக்கவில்லை என்றால் பொய்.

உயர்ந்துபோன வாசலுக்குப் படியே வைக்காமல் சரிவுப் பாதை போட முடிவானது. செங்கல் மேல் பலகை அடுக்கித் தம்பி நடந்து பார்த்தான். “செங்குத்தா இருக்கு. இன்னும் நீட்டுங்க.” மறுபடி அடுக்கினார்கள், மறுபடி நடந்தான். நான்காவது தடவைதான் தலையாட்டினான். அது வெளிக் கேட் வரைக்கும் நாற்பது அடி நீண்டுவிட்டது. “மழைக்கு வழுக்குமே” என்று அவன் சொல்ல, அந்தச் சித்தாளம்மாவே ஈர சிமெண்டில் குறுக்குக் கோடுகள் இழுத்துவிட்டார்.

ஹால் சன்னல்களை மட்டும் மாற்ற முடியவில்லை. தரை உயர்ந்ததால் அவை தரைக்கு அரையடி மேலே வந்து நின்றன. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்கு நேரே சுவர்தான், வெளியே எதுவும் தெரியாது. பாய் போட்டு உட்கார்ந்தால் திராட்சைப் பந்தலுக்கு அடியில் தோட்டத்தின் அந்தக் கடைசி வரை தெரியும். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பாராட்டுவார்கள். “என்ன ஒரு டிசைன் சார்!” என்பார்கள். என் பிழையைத் திருத்தப் போய் வந்த அழகு அது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பால் காய்ச்சிய அன்று தம்பி யார் தோளையும் பிடிக்காமல் உள்ளே வந்து, எல்லா அறைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தான். பிறகு அவனுக்குக் கல்யாணமாகி, அவன் மகள் நடை பழகியதும் அந்த வீட்டில்தான்.

இப்போதும் யாராவது பிளானோடு என்னிடம் யோசனை கேட்க வந்தால், தாளை விரிப்பதற்கு முன்னால் ஒன்றுதான் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் இதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் இருப்பது யார்?