மேஜர் வீட்டுக்குள்ளால் போன பாதை

தவநாயகிக்குக் கோபம் வந்தால் சத்தம் வெளியே வராது. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவள். வேலிச் சண்டைக்காரர் இரண்டு பக்கமும் நின்று தொண்டை கிழியக் கத்த, நடுவில் மேசையில் குனிந்து மை பிசகாமல் கோடு இழுத்துப் பழகியவள். அரை முழ நிலத்துக்காகக் கூடப்பிறந்தவர்கள் இருபது வருடம் வழக்குப் பேசிக் கோடேறியதையும், கடைசியில் பழைய வரைபடம் கையில் வைத்திருந்தவன் வென்றதையும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

எண்பத்தைந்தில் கணவன் செல்வரத்தினத்தோடு லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தாள். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவளுடைய படவரைஞர் சான்றிதழை இங்கே ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அலைந்து திரிந்து கிடைத்தது, எசெக்ஸ் பக்கம் பிரேக்கன்ஸ்டெட் என்ற சின்னக் கிராமத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ரயிலில் முக்கால் மணி, பிறகு ஒரு பஸ்.

பிரேக்கன்ஸ்டெட்டில் நாற்பது வீடுகூட இல்லை. கருங்கல் பதித்த ஒரு தேவாலயம், ஒரு பப், தாரா வாத்து நீந்தும் ஒரு குளம், காலையில் மட்டும் திறக்கிற தபால் கந்தோர். சுற்றிவரக் கோதுமை வயல்கள். பஸ் பெரிய ரோட்டில் மைல்கல்லடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். இல்லம் ஊருக்கு மறுகரையில், தேவாலயத்துக்குப் பக்கத்தில். ரோட்டால் சுற்றிப் போனால் ஒரு மணித்தியாலம் நடை. வயல் ஓரத்தால் ஒரு ஒற்றையடிப் பாதை போனது. அதில் கால் மணி. வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அதால்தான் நடந்தார்கள். பாதை ஓரத்தில் பெரிய வீடு ஒன்று. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மேஜர் வின்டர்பர்னும் மனைவியும் அங்கே இருந்தார்கள். வீட்டோடு சேர்த்துக் கட்டிய கண்ணாடி அறையில் மேஜர் காலையில் பேப்பர் வாசிப்பது பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும்.

எண்பத்தேழு ஒக்டோபரில் பெரும் புயல் அடித்தது. மேஜரின் வயலில் ஒரு ஓக் மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. அவர் மரத்தை எடுக்கவில்லை. அதோடு சேர்த்து முட்கம்பி இழுத்துவிட்டார். மற்றப் பெண்களுக்குக் கார் வைத்திருக்கிற புருஷன்மார் இருந்தார்கள். தவநாயகிக்கு இல்லை. அடுத்த கிழமை, எட்டு மணி ஷிப்டுக்குப் பிந்திப்போன ஒரு காலையில், மரத்தின் வேரடியால் குனிந்து மறுபக்கம் வந்தாள். நிமிர்ந்தபோது மேஜர் நாயோடு நின்றார்.

"பையைத் திற" என்றார்.

"சேர், நான் இல்லத்தில் வேலை செய்கிறேன்."

"திற என்றேன்."

திறந்தாள். அவர் கைத்தடியால் பையைக் கவிழ்த்தார். சப்பாத்து, மாற்றுச் சட்டை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேற்றில் விழுந்தன. கூடவே இரண்டு ஆப்பிள். முந்தின நாள் ஃபாரஸ்ட் கேட் கடையில் வாங்கியவை.

"என் தோட்டத்து ஆப்பிள்" என்றார் மேஜர். பெட்டியின் மூடி கழன்றிருந்தது. நாய் புட்டுக்குள் மூஞ்சியை வைத்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. சிரித்தார்.

அவள் இல்லத்துக்குப் போய்ச் சேருமுன்னமே அங்கே தொலைபேசி அடித்திருந்தது. மேற்பார்வைக்காரி கதவடியில் வைத்தே சொன்னாள்: "மேஜர் எங்களுக்கு எவ்வளவோ உதவி செய்பவர். களவு என்ற பேச்சு வந்த பிறகு உங்களை வைத்திருக்க முடியாது."

அன்று அவள் ரோட்டால் சுற்றி நடந்து மைல்கல்லடிக்கு வந்தாள். பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. மைல்கல்லில் இருந்துகொண்டு அந்த வீட்டின் புகைபோக்கியைப் பார்த்தபடியே இருந்தாள். அழுகை வரவில்லை. "இரு, உனக்குச் செய்யிறன்" என்று வாய்க்குள் சொன்னாள்.

பிறகு ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடையில் வேலை கிடைத்தது. முதலாளி பவளக்கொடி மலேசியாக்காரி, நல்ல மனுஷி. புதன்கிழமை லீவு. அந்தப் பாதை பற்றித் தவநாயகி கவுன்சிலுக்கு எழுதினாள். தங்கள் வரைபடத்தில் அங்கே பொதுப்பாதை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. வேறொருத்தி அத்தோடு விட்டிருப்பாள். தவநாயகிக்கு ஒரு கேள்விதான் எழும்பியது: உங்கட வரைபடத்தில இல்லை, அதுக்கு முந்தின வரைபடத்தில?

எண்பத்தொன்பதில் இருந்து புதன்கிழமைகளில் செம்ஸ்ஃபோர்டில் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினாள். அங்கே பேனைக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுந்தான். பிரேக்கன்ஸ்டெட் என்ற பெயர் எழுதிய கட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுப்பித்தாள். மூட்டைப்பூச்சி மாதிரி எழுத்தில் எழுதிய பழைய ஆங்கிலத்தை வாசிக்கவே ஒரு வருடம் எடுத்தது. கறுவிக்கொண்டு செய்கிற வேலையில் அலுப்பு வராது என்பதை அப்போது அறிந்தாள். ரயிலில் போகும்போது மேஜரின் சிரிப்பை ஒருதரம் நினைத்துக்கொள்வாள். அன்றைய நாளுக்கு அது போதும்.

தொண்ணூற்றொன்றில் ஒரு புதன்கிழமை, 1807-ஆம் ஆண்டுக் கட்டு ஒன்று வந்தது. ஊர்ப் பொதுநிலத்தை வேலிபோட்டுப் பிரித்துக் கொடுத்த பத்திரமும் வரைபடமும். மைல்கல்லில் இருந்து தேவாலயப் படி வரை ஆறடி அகலத்தில் பொதுமக்கள் நடக்க ஒரு பாதை என்று எழுதி, சங்கிலிக் கணக்கில் தூரமும் குறித்திருந்தது. அளவுச் சங்கிலி அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. மெல்லிய தாளில் கோட்டைப் பிரதி பண்ணிக்கொண்டு வந்து, வீட்டில் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் புதிய வரைபடத்துக்கு மேலே அதே அளவில் விரித்தாள். தேவாலய மூலையையும் மைல்கல்லையும் பொருத்தினாள். கோடு, சனம் நடந்த வயல் ஓரத்தால் போகவில்லை. பதினாலு கஜம் தள்ளி, மேஜரின் ரோசாத் தோட்டத்துக்குள்ளால் வந்து, கண்ணாடி அறையை நடுவால் பிளந்துகொண்டு போனது.

தவநாயகி சிரித்தாள். பக்கத்து அறையில் படுத்திருந்த செல்வரத்தினம் பயந்துபோய் எழும்பி வந்தார்.

"என்ன நடந்தது?"

"இஞ்ச வந்து பாருங்கோ. அந்தாள் வீதியில வீடு கட்டி வைச்சிருக்கு."

செல்வரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுக்குப் போனால் இழுபடும். நீங்கள் எல்லாரும் நடந்த பாதையைக் கேளுமன். சுகமா முடியும்."

"நடந்த பாதை எனக்கு வேண்டாம். இதுதான் வேணும்."

"இது பாதைக்கில்லை, அந்தாளுக்கு."

"ஓம். அந்தாளுக்குத்தான்" என்றாள் அவள்.

பாதை இருந்ததைப் பத்திரம் சொல்லிவிட்டது. அதில் நடந்த ஆள் ஒருவர் சாட்சி சொல்ல இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஆளையும் தேடிப்பிடித்தாள். தேவாலயத்தில் பூ வைக்கிற கத்தரினுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. சிறுமியாக அந்தத் தோட்டத்துக்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போனவள். போர்க்காலத்தில் உணவுப் பயிருக்கென்று பாதையோடு சேர்த்து உழுதார்கள், போர் முடிந்த பிறகு ஒருவரும் திறந்துவிடவில்லை என்றாள். தேநீர் ஊற்றிக் கொடுத்து, "நாற்பத்தைந்து வருடமாக இதை யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றும் சொன்னாள். சட்டப்படி பொதுப்பாதை ஒன்று நடக்காமல் விட்டதால் அழிந்துபோகாது. முறைப்படி மூடினால்தான் மூடினது. இதை முறைப்படி ஒருவரும் மூடவில்லை.

பத்திரத்தையும் கத்தரினின் சாட்சியத்தையும் வைத்து அவள் கொடுத்த விண்ணப்பம் கவுன்சிலில் இரண்டு வருடம் கிடந்தது. தொண்ணூற்று நாலில் அதை ஏற்று ஆணை போட்டார்கள். மேஜர் எதிர்ப்பு எழுதினார். விசாரணைக்கு நாள் குறித்த பிறகு, ஒரு சனிக்கிழமை, விண்ணப்பத்தில் இருந்த பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு அவரே ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்துவிட்டார்.

கடையில் ஒரு கலியாண வீட்டார் கூறைச்சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உயரமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். தவநாயகி கண்டவுடனே ஆள் யாரென்று பிடித்துவிட்டாள். அவரை இருக்கச் சொல்லவில்லை. நாற்பது சேலை விரித்துக் காட்டினாள். பெண் வீட்டார் களைத்துப்போய்ப் பத்தாவதாகப் பார்த்ததையே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள். பவளக்கொடி பொறுக்கமாட்டாமல் வந்து கேட்டாள்: "ஏம்மா, அந்தப் பெரியவர் ஒன்னரை மணி நேரமா நிக்கிறாரு. யாருன்னு கேக்கவா?"

"வேண்டாம் அக்கா. நிக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்."

கடைசிச் சேலையும் தட்டுக்குப் போன பிறகு அவர் முன்னால் வந்தார்.

"திருமதி செல்வரத்தினம்? உங்களோடு நேரில் பேசினால் நல்லது என்று நினைத்தேன். என் மனைவிக்கு நடக்க முடியாது. அவளுடைய கட்டிலை அந்தக் கண்ணாடி அறையில்தான் போட்டிருக்கிறோம். வெளிச்சம் அவளுக்கு வேண்டும். வயல் ஓரத்தால் நல்ல அகலமாகப் பாதை விட்டுத் தருகிறேன். வாயிற்கதவும் போடுகிறேன். நீங்கள் சம்மதித்தால் கவுன்சிலும் ஒத்துக்கொள்ளும்."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவர் உற்றுப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும். நாம் முன்பு சந்தித்திருக்கிறோமா?"

விழுந்த மரம், சேற்றில் கவிழ்ந்த பை, இரண்டு ஆப்பிள், நாய், தொலைபேசி எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. நடந்திருந்தால் வருந்துகிறேன்."

ஏழு வருடம் இரவும் பகலும் அவள் சுமந்து திரிந்த காலைப்பொழுது அது. அதைச் செய்த ஆளிடம் அது இல்லவே இல்லை. அவர் வந்தது அவள் மனதை இளக்கியிருக்கக்கூடும். ஆனால் அந்தப் பதில் அவளுக்கு உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது.

"பாதை அதன் இடத்தால்தான் போகும்" என்றாள்.

அன்று பின்னேரம் செல்வரத்தினம் கேள்விப்பட்டு, "மனிசி படுக்கையில கிடக்கிற வருத்தக்காரி எல்லோ. அவ உமக்கு என்ன செய்தவ?" என்றார்.

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப விடுமன்."

"ஏலாது."

மூன்று நாள் அவர் அவளோடு கதைக்கவில்லை. அவள் வழமைபோலச் சமைத்து வைத்தாள்.

தொண்ணூற்றைந்து வசந்தத்தில் ஊர் மண்டபத்தில் விசாரணை நடந்தது. அரசாங்கம் அனுப்பிய அதிகாரி மேடையில் இருந்தார். மேஜரின் வக்கீல் மெல்லச் சிரித்தபடி எழும்பினார்.

"நீங்கள் வசிப்பது லண்டனில். இந்த ஊரில் உங்களுக்கு வீடு இல்லை, சொந்தம் இல்லை. இந்தப் பாதையில் உங்களுக்கு என்ன அக்கறை?"

"பத்திரத்தில் பொதுமக்கள் என்று இருக்கிறது, ஐயா. ஊர்க்காரர் என்று இல்லை."

மண்டபத்தில் பின் வரிசையில் யாரோ இருமினார்கள். வக்கீல் வரைபடத்தில் பிழை இருக்கலாம் என்றார். தவநாயகி எழும்பிப் போய்ப் பலகையில் தாளை விரித்து, சங்கிலிக் கணக்கைக் கஜமாக மாற்றி, மூலையில் இருந்து மூலைக்கு அளந்து காட்டினாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்து பார்த்தார். "இந்த வேலையை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். இந்த நாட்டில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர். மேஜர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரும்வரை அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோடையில் தீர்ப்பு வந்தது. கண்ணாடி அறையைக் கழற்றினார்கள். ரோசாச் செடிகளுக்கு நடுவே ஆறடி வெட்டி, இரண்டு பக்கமும் கம்பம் நட்டார்கள். பாதை திறந்த முதல் சனிக்கிழமை தவநாயகி பட்டுச்சேலை உடுத்து, கீழே ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனாள். வீட்டுச் சுவரில் இருந்து ஒரு கை நீட்டுத் தூரத்தில் நடந்தாள். யன்னலுக்கு உள்ளே கட்டிலில் படுத்திருந்த வெள்ளைத் தலை மெல்லத் திரும்பியது. மேஜரின் மனைவிக்கு வந்தது யாரென்று தெரியாது. வழியில் போகிற ஒருத்தி என்று நினைத்துக் கையசைத்தாள். தவநாயகியின் கையும் எழும்பப் பார்த்தது. அவள் அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள். மறுபக்கம் மேஜர் நின்றார். அவரைக் கடக்கும்போது "குட் மோர்னிங்" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. அது அவளுக்கு இனித்தது.

பதினாறு மாதம், மழை என்று பாராமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் பவளக்கொடியிடம் காலையில் மட்டும் லீவு கேட்டுப் போனாள். தொண்ணூற்றாறு முடிகிற மாதத்தில் கத்தரினிடம் இருந்து கடிதம் வந்தது. திருமதி வின்டர்பர்ன் இறந்துவிட்டார், மேஜர் வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு இருக்க டெவனுக்குப் போய்விட்டார் என்று எழுதியிருந்தாள்.

செல்வரத்தினம் கடிதத்தை வாசித்துவிட்டு, "இப்ப சந்தோசமோ?" என்று கேட்டார்.

அவள் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். "இல்லை. ஓடிட்டார். நான் இன்னும் பத்து வருசம் நடக்க இருந்தனான்."

"அந்த மனிசிக்காக எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லும்."

"அவவுக்குக் கை காட்டியிருக்கலாம்" என்றாள். "மற்றதெல்லாம் செய்தது சரி."

புது வீட்டுக்காரர் இளம் சோடி. பாதையால் வருகிறவர்களைக் கண்டால் சிரித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்களாம். தவநாயகி ஒரேயொரு தரம் போய்ப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

புதன்கிழமைகள் சும்மா கிடந்தன. தை மாதத்தில் அவள் கத்தரினுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சுகம் விசாரித்துவிட்டு, கீழே ஒரு வரி: உங்கள் பக்கத்து ஊர்களில் வேறு யாரும் இப்படிப் பாதையை அடைத்து வைத்திருக்கிறார்களா? நாலாம் நாள் பதில் வந்தது. கத்தரின் ஐந்து பெயர் எழுதியிருந்தாள், முதலாவதுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு. அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தவநாயகி பென்சில்களைச் சீவி எடுத்துக்கொண்டு செம்ஸ்ஃபோர்ட் ரயிலைப் பிடித்தாள்.