இரண்டும் இடது கை

ஆயத்த ஆடைக் கூடத்தில் துணி வெட்டுகிறவருக்கு ‘நூல் மாஸ்டர்’ என்று பட்டப்பெயர். நூல் பிடித்த மாதிரி வெட்டுவார், நூல் பிடித்த மாதிரியே வாழ்வார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. அவர் வாயிலிருந்து ஒரு பொய்யை யாரும் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அடுத்தவர் தப்புச் செய்தால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்.

அவர் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சட்டையின் ஒவ்வொரு பாகத்துக்குமான அளவு அட்டைகளை எடுத்துக் கொடுப்பவள் பூனை. நடக்கிற சத்தம் கேட்காது, அதனால் அந்தப் பெயர். கணவன் படுத்த படுக்கை. அவள் வேலைக்கு வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அன்று நூறு சட்டைக்கு வெட்டு. அட்டையை வைத்துக் கோடு போட்டவரும் மாஸ்டர்தான், மிஷினை ஓட்டியவரும் மாஸ்டர்தான். தையல் பகுதிக்குப் போன பிறகு விஷயம் வெடித்தது. நூறு சட்டைக்கும் இரண்டு கையும் இடது கை! ஒரு பக்கம் மட்டும் அச்சுப்போட்ட துணி, திருப்பித் தைக்கவும் வழியில்லை.

“நீ ஒரு அட்டைதான் குடுத்த!” என்று பூனைமேல் பாய்ந்தார் மாஸ்டர்.

“ரெண்டும் தந்தேன் அண்ணே.”

“அப்ப இன்னொன்னு என்ன, கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?”

கூடமே சிரித்தது. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மேனேஜர் அவளை அப்போதே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் டீ குடிக்க ஜன்னலோரம் போனார் மாஸ்டர். துணி மூட்டைக்குப் பின்னால் வலது கை அட்டை கிடந்தது, நட்டநடுவில் வட்டமாக டீக் கறையோடு. கிளாஸ் சுடுகிறதென்று முந்தின நாள் கோடு போடுமுன் அவரேதான் அதைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்திருந்தார்.

குப்பையில் போட்டால் கதை முடிந்தது. கை கூடைவரை போகவும் போனது. பிறகு மேசைக்கு அடியில் ஒளித்தார். சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அட்டையோடு மேனேஜர் முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொன்னார்.

மேனேஜர் சிரித்தார். “அவ பழியை நீங்க ஏன் மாஸ்டர் தலையில போட்டுக்கறீங்க? இந்த மனசு யாருக்கு வரும்! சரி, உங்க முகத்துக்காக அவளைத் திரும்ப வரச் சொல்றேன்.”

மாஸ்டர் மூன்று தரம் சொன்னார். சொல்லச் சொல்லப் புகழ்தான் ஏறியது. கூடத்தில் எல்லோரும் அவரை வாய்பிளந்து பார்த்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது.

நேரே பூனையின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். “தப்பு என்னோடதும்மா. அட்டையை நான்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன்.”

“தெரியும் அண்ணே. கிளாஸை வச்சு எடுத்துட்டுப் போனதைப் பாத்தேன்.”

“பாத்தியா! அத்தனை பேர் முன்னாடி ஏம்மா சொல்லல?”

அவள் கணவனின் தலையணையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்கதான் பொய்யே சொல்லமாட்டீங்களே அண்ணே. நான் சொன்னா யாரு நம்பியிருப்பா?”

அதன்பிறகு ஒன்பது வருடம் வேலை பார்த்தார் மாஸ்டர். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார்.