பச்சை டேப் செபாஸ்டியன்

ஈப்போ வட்டாரத்தில் கார் கிளம்பாமல் நின்றுவிட்டால் பலருக்கு முதலில் கடவுள் நினைவு வரும், அடுத்து செபாஸ்டியன் நினைவு வரும். சிலருக்கு இந்த வரிசை மாறியும் வரும். சந்தை வாசலோ, ஆஸ்பத்திரி வாசலோ, ஒரு போன் போட்டால் போதும். "இருங்க, இந்தா வாரேன்" என்பார். வேனின் பின்பக்கம் பேட்டரிகள் அடுக்கியிருக்கும். செத்துக் கிடந்த காரை அங்கேயே உயிர்ப்பித்துவிட்டு, தான் தொட்ட வயரில் பச்சை டேப்பை இறுக்கமாகச் சுற்றிவிட்டுத்தான் நகர்வார். எங்கே பார்த்தாலும் தன் கைவேலை என்று தெரிய வேண்டுமாம். அந்தக் கடைசிச் சுற்றைச் சுற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், படம் வரைந்து முடித்துக் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி இருக்கும்.

பிறந்தது கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் சீவினார். மகன் தோட்டத்து லாரியின் பானெட்டுக்குள் தலையை விட்டவர், பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்து சேர்ந்தது. மெங்லெம்புவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், பட்டறை வேலை கற்று, தவுக்கே பட்டறையை மூடிய பிறகு சொந்தமாக வேன் வாங்கிக்கொண்டார். தோட்டத்தை நினைத்து அவர் ஏங்கி யாரும் பார்த்ததில்லை. "அங்க என்ன இருந்துச்சு, அட்டையும் கொசுவும்தான். இங்க கோழிச்சோறு இருக்குலா" என்பார்.

வாடிக்கையாளர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "வண்டியில கூடுதலா ஏதாச்சும் மாட்டியிருக்கீங்களா?" பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார். கேமரா, அலாரம், இளவட்டங்கள் பின்பக்கம் பொருத்திக்கொள்ளும் பெரிய பெரிய ஸ்பீக்கர், இவைதாம் நல்ல பேட்டரியைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக் குடிப்பவை என்பது அவர் கட்சி. கேள்வி சரியானதுதான். ஆனால் ஊரெல்லாம் கேட்ட அந்தக் கேள்வியை மனிதர் தன் வீட்டில் கேட்க மறந்துபோனார்.

அவர் மனைவி பியாட்ரிஸ், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பல காலம் மீ என்கிற நூடுல்ஸ் பொரித்துக் கொடுத்தவர். மகள் கார்மென் கட்டிக்கொண்டு போனது, காரில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் கமுந்திங்குக்கு. அங்கே பேரன் பிறந்தான். செபாஸ்டியனுக்கு வேலை ஒழிகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் பேரன் முகத்தைப் பார்க்க முடியும் என்ற நிலைமை பியாட்ரிஸுக்குப் பொறுக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு தடவை மேட்டில் நிறுத்திக் கிளப்பும் சோதனையில் வண்டியைப் பின்னால் உருளவிட்டு, மூன்றாவது தடவை தேறினார். அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கிடைத்தது. சேமிப்பைப் போட்டு ஒரு பழைய கார் கடையில் சின்ன வெள்ளைக் கார் ஒன்றும் வாங்கினார். ஓராண்டு வாரண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், மின்சாரப் பாகங்கள் எல்லாம் சேர்த்தி. பேட்டரி, டயர் போன்ற தேய்கிற சாமான்கள் மட்டும் சேராது. "பேட்டரி சேரலன்னா என்ன? பேட்டரியே வீட்டுல குடித்தனம் பண்ணுது" என்று கடைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்தினார் செபாஸ்டியன்.

காருக்குப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பக்கத்து வீட்டுச் சிகப்பி ஆச்சி, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்ப, அதையும் ஏற்றி நசுக்கியாயிற்று. கடைசியாக, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் வாங்கி வைத்திருந்த மாதா சுரூபம் முன்கண்ணாடிக்குக் கீழே ஏறியது. சுரூபத்தைச் சுற்றி நீல நிறத்தில் குட்டி விளக்குகள். பியாட்ரிஸின் வீட்டில் மாதா விளக்கு இரவு பகல் அணையாது. மின்சாரம் போனால்கூட மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"சாவி எடுத்தா வெளக்கு அணைஞ்சிருமாங்க?" என்று கேட்டார்.

"சிகரெட் பத்தவைக்கிற ஓட்டையில சொருகுனா அணைஞ்சிரும்."

"அப்ப ராத்திரி முழுக்க மாதா இருட்டுலயா நிக்கணும்?"

கேட்ட மாத்திரத்தில் செபாஸ்டியன் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை உள்ளே இழுத்து, அணையா விளக்காக்கிக் கொடுத்தார். பச்சை டேப்பும் சுற்றினார். "எறும்பு குடிக்கிற அளவு கரண்டுதான்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த வயர் அவர் நினைவிலிருந்தே போய்விட்டது.

பியாட்ரிஸ் கைப்பழக்கத்துக்காக ஞாயிறு பூசைக்கும் பாடற்குழுப் பயிற்சிக்கும் மட்டும் ஓட்டினார். மற்ற நாளெல்லாம் கார் வாசலில் நின்றது. எறும்பு ஓயாமல் குடித்துக்கொண்டே இருந்தது.

முதல் தடவை மாதா கோயில் வளாகத்தில், மொத்தப் பாடற்குழுவும் பார்த்துக்கொண்டிருக்க, கார் கிளம்ப மறுத்தது. செபாஸ்டியன் புது பேட்டரியோடு வந்தார். கொண்டவர் என்ற உரிமையில் கேள்விகளையும் கொண்டுவந்தார். "லைட்டு அணைச்சியா? ரேடியோ அணைச்சியா? கதவு ஒழுங்கா சாத்துனியா?"

"அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் பியாட்ரிஸ். அந்த 'நினைக்கிறேன்' அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த தடவை நின்றது, முதன்முதலாகத் தனியாகக் கமுந்திங் போகலாம் என்று பேரனுக்குத் துணிமணியெல்லாம் கட்டி எடுத்து வைத்திருந்த காலையில். வாசலிலேயே உயிரில்லை. சுரூபத்து விளக்கும் மங்கிக் கிடந்தது. "பாருங்க, மாதாவையும் இருட்டுல நிக்க வெச்சுட்டேன்" என்று கண் கலங்கினார். செபாஸ்டியன் மறுபடி பேட்டரி மாற்றினார்; மாதா வயரும் கிளிப்போடு சேர்ந்தே கழன்று சேர்ந்தே ஏறியது, ஊரெல்லாம் பார்த்துப் பழகிய பச்சை டேப் அவர் கண்ணில் தைக்கவில்லை. மறுபடி அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். புது பேட்டரியும் படுத்துக்கொண்டபோது, பியாட்ரிஸ் கார் சாவியைக் கொண்டுபோய் வீட்டு மாதாவுக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார்.

"எனக்கும் காடிக்கும் ராசி இல்லங்க. என் கைதான் எதையோ தப்பா பண்ணுது. இனி நான் ஓட்டல."

சமையலில் உப்புக் கூடினால்கூட "உப்புல கோளாறு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கிற பெண்மணி. அவர் தன் கையையே பழித்துப் பேசி செபாஸ்டியன் கேட்டதில்லை. மகளைப் பார்க்கப் போகும் அந்த ஆசை அப்படியே ஆணியில் தொங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு முடிவுக்கு வந்தார். கோளாறு மனைவியின் கையிலும் இல்லை, தன் பேட்டரியிலும் இருக்க வழியில்லை. ஆக, ஆல்டர்னேட்டர்தான் சார்ஜ் ஏற்றவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் ஏற்றியது. "மீட்டருக்கென்ன தெரியும், சூடானப்புறம் மக்கர் பண்ணும்" என்று மீட்டரையும் மடக்கிவிட்டார். ஆல்டர்னேட்டர் வாரண்டியில் சேர்த்தி. விடக்கூடாது.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வைத்து, மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பழைய கார் கடைக்குப் போனார். வழியெல்லாம் பேச்சு ஒத்திகை. வாரண்டி மேசையில் திவ்யதர்ஷினி என்ற பெண் இருந்தாள். சிரித்த முகம், வேகமான விரல்கள்.

"வாங்கினப்புறம் வண்டியில கூடுதலா ஏதும் மாட்டினீங்களா அங்கிள்?"

"இல்லம்மா."

"ஆன்ட்டி?"

"ஒண்ணுமே மாட்டலம்மா. நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல."

இருவரும் மனதாரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பட்டப்பகலில் நீல விளக்கோடு மாதா இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாதாவைப் போய் யாராவது கூடுதலாக மாட்டிய சாமான் என்று சொல்வார்களா?

போர்மேன் விக்னேஸ்வரன் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய், பானெட்டைத் தூக்கிக் குனிந்தார். சற்று நேரம் எதையோ தடவினார். "அண்ணே, பேட்டரியிலருந்து நேரா ஒரு வயரு உள்ள போவுதே?"

செபாஸ்டியன் காத்திருந்த தருணம் அதுதான். மேசையை விட்டு எழுந்து, கடையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "பாத்தீங்களா! பழைய ஓனர் பண்ண வேலை! எந்த மடையனாச்சும் பேட்டரியிலருந்து நேரா இழுப்பானா? சாவி எடுத்தாலும் கரண்டு ஓடிக்கிட்டே இருக்கும்லா! இவனையெல்லாம் வயரு பக்கமே விடக்கூடாது!"

"வேலை என்னமோ சுத்தமாத்தான் இருக்குண்ணே" என்றார் விக்னேஸ்வரன், தலையை நிமிர்த்தாமல். "பச்சை டேப்பு சுத்தியிருக்கு."

செபாஸ்டியன் பானெட்டைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். மனைவி இருந்த பக்கம் மட்டும் பார்க்கத் துணியவில்லை.

திவ்யதர்ஷினிக்கு விஷயம் புரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இப்படி வயர் இழுத்தால் மின்சாரப் பாகங்களுக்கு வாரண்டி செல்லாமல் போய்விடும், ஆனால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதால் அதைக் கழற்றிவிட்டுப் போர்மேன் சரி என்று சொன்னால் வாரண்டி தொடரும் என்று தன்மையாக விளக்கினாள். செபாஸ்டியன் காதில் பாதிதான் விழுந்தது.

பியாட்ரிஸ் எழுந்து நேராக விக்னேஸ்வரனிடம் போனார். புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் தப்பு பண்ணல?"

"நீங்க என்னக்கா பண்ணீங்க? ஓட்டுனாத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். நிப்பாட்டி வெச்சதுதான் தப்பு. இன்னும் நல்லா ஓட்டுங்க, தூரமா ஓட்டுங்க."

"தூரமான்னா? கமுந்திங் போதுமா?"

"தாராளமாப் போதும்."

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி பியாட்ரிஸ் அதைக் கேட்டுக்கொண்டார். முகத்தில் அத்தனை நாள் காணாமல் போயிருந்த வெளிச்சம் வந்தது. அப்புறம்தான் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். செபாஸ்டியனுக்கு அவமானமாகவும் இருந்தது, உயிர் திரும்பி வந்தது போலவும் இருந்தது.

"மாதா வெளக்குக்கு என்ன பண்றது பியா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாவி போட்டாத்தான் எரியிற மாதிரி மாத்தலாம். ஆனா நிப்பாட்டுனா அணைஞ்சிரும்..."

"அணையட்டும். நான் ஓட்டுறப்பதான் மாதாவுக்கு வேலை. வீட்டுல நிக்கிற காடிக்கு அவங்க எதுக்கு முழிச்சிருக்கணும்? கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்." கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. நான் ஓட்டுறேன். புந்தோங் போற வரைக்கும் நீங்க வாயத் தெறக்கக் கூடாது."

செபாஸ்டியன் வாயைத் திறக்கவில்லை. வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

அந்த வார நடுவில் ஒரு நாள், விடியலிலிருந்து அடைமழை. மழை விட்டு வெயில் ஏறியபோது செபாஸ்டியன் கோப்பெங்கில் ஒரு காய்கறி வியாபாரியின் லாரிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். லாரியைத் தொடுவதற்கு முன் கேள்வியைக் கேட்டிருந்தார், இப்போது கொஞ்சம் நீட்டி: "கூடுதலா ஏதாச்சும் மாட்டியிருக்கீங்களா? சாமி படம், மாதா, பிள்ளையாரு எல்லாத்தையும் சேத்துத்தான் கேக்குறேன்." போன் அடித்தது. பியாட்ரிஸ். செபாஸ்டியன் அவரைப் பேசவே விடவில்லை.

"எங்க நின்னுச்சு? மெனோரா டன்னல்கிட்டயா? ஓரமா நிப்பாட்டு, பயப்படாத, இந்தா வாரேன்..."

"எங்கயும் நிக்கல. கார்மென் வீட்டுல இருக்கேன். பேரன் என் மடியில கெடந்து பாட்டி மூக்குக் கண்ணாடியப் புடுங்குறான்."

பின்னால் குழந்தையின் கெக்கலிப்புக் கேட்டது. செபாஸ்டியன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தனியாவா போன?"

"மாதா இருந்தாங்க." அதே பழைய மூன்று கேள்விகளின் குரலில் பியாட்ரிஸ் கேட்டார். "ஏங்க, காலையில மழையில கெளம்புனீங்களே. வேன் லைட்டு அணைச்சீங்களா?"

"அணைச்சேன்னுதான்..." என்று ஆரம்பித்த செபாஸ்டியன் திரும்பிப் பார்த்தார். சாலையோரம், சுள்ளென்ற வெயிலில், அவருடைய வேனின் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. போனைக் காதில் வைத்தபடியே வேனைப் பார்த்து ஓடினார்.